அந்த ‘ஆம்’ யாருடையது? தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் செய்தி எழுதவும் சரிபார்க்கவும் சொல்லிக்கொடுக்க ஒரு வழிகாட்டி

“டீச்சர், ரயில் நிலையத்துப் பக்கம் வெள்ளை வேன் ஒண்ணு ஒரு பையனைத் தூக்கிட்டுப் போயிருச்சாம்!”

ஞாயிற்றுக்கிழமை காலை. கோவில் மண்டபத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தபோது இடைநிலைப்பள்ளியில் படிவம் 1க்கு முன் ஓராண்டு படிக்கும் புகுமுக வகுப்புப் பையன் ஒருவன் மூச்சிரைக்க வந்து சொன்னான்.

“யாருப்பா பார்த்தது?”

“எங்க அக்கா சொன்னாங்க.”

“அக்கா பார்த்தாங்களா?”

“இல்ல டீச்சர். அக்காவுக்குப் புலனத்துல, அதான் வாட்ஸ்அப்புல, வந்துச்சாம்.”

அன்றைக்கு எடுத்துப்போன பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு வெண்பலகையில் இரண்டு சொற்களை எழுதினேன்: போயிருச்சாம், வந்துச்சாம். “இந்த ரெண்டுலயும் கடைசியில ஒட்டிக்கிட்டு இருக்கிறது என்ன?” என்று கேட்டேன். எல்லாரும் “ஆம்” என்றார்கள். அது எதற்காக வருகிறது என்று பள்ளியில் யாரும் அவர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் ஒரு சிறுமி சட்டென்று சொன்னாள்: “நாம பார்க்கல, யாரோ சொன்னாங்கன்னு அர்த்தம்.”

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் இந்த ஞாயிறு வகுப்பை ஆறு ஆண்டுகளாக நடத்துகிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டு ஊருக்குள் குடிவந்த வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அந்தக் காலைக்குப் பிறகு என் பாடம் முழுவதும் அந்த ஒரு விகுதியைச் சுற்றியே அமைந்துவிட்டது. இது போல உங்கள் ஊரிலும் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும், கோவில் இளைஞர்களுக்கும், டியூஷன் நடத்தும் அக்காமார்களுக்கும் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

ஆறாம் ஆண்டு, புகுமுக வகுப்பு, படிவம் 1, படிவம் 2 — இந்த வயதுப் பிள்ளைகள்தான் சரி. தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் காலம் அது. பல வீடுகளில் முதல் கைப்பேசி கைக்கு வருவதும் அப்போதுதான். எட்டுப் பேரிலிருந்து பன்னிரண்டு பேர் வரை போதும். வாரம் ஒன்றரை மணி நேரம், பத்து வாரம்.

வேண்டிய பொருள்கள் கொஞ்சம்தான். ஆளுக்கு ஒரு நோட்டு, பழைய நாளிதழ்க் கட்டு, நான்கைந்து மஹ்ஜோங் தாள் (பெரிய வெள்ளைத் தாள்), உங்கள் கைப்பேசி. பிள்ளைகள் யாரும் புதிதாகக் கணக்குத் தொடங்கத் தேவையில்லை. தேடுவதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே நடக்கட்டும்.

அனுமதி விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். மலேசியாவில் செய்தித்தாள் அச்சிட 1984இன் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆகவே ‘பத்திரிகை தொடங்குகிறோம்’ என்று அறிவித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். தலைமையாசிரியரோ மண்டப நிர்வாகமோ படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட சுவர் ஏடாக அது இருக்கட்டும். பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதி, பிள்ளையின் படமும் பெயரும் ஏட்டில் வரலாமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். இன்னொன்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: வம்பில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் பெயர் நம் ஏட்டில் வராது. வழக்கிலோ காவலிலோ சிக்கிய சிறுவரை அடையாளம் காட்டும்படி ஊடகங்கள் எதையும் வெளியிடக் கூடாது என்று 2001இன் சிறார் சட்டத்தில் 15ஆவது பிரிவே இருக்கிறது. இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். கவனித்துப் பாருங்கள்.

முதல் இரண்டு வாரம்: ‘ஆம்’ பிடித்தல்

நோட்டில் நான்கு கட்டம் போடச் சொல்லுங்கள். முதல் கட்டத்தில் கேட்ட வாக்கியம், கேட்டபடியே. இரண்டாவதில் சொன்னவர் யார். மூன்றாவதில் அவர் நேரில் பார்த்தாரா. நான்காவதில் யாரைக் கேட்டால் தெரியும். ஒரு வாரத்தில் ஐந்து ‘ஆம்’ பிடித்து வரவேண்டும். வீடு, பள்ளிப் பேருந்து, ஒட்டுக்கடை, கோவில் வாசல், எங்கே கேட்டாலும் சரி.

அடுத்த வாரம் நோட்டைத் திறந்தால் ஊரே உள்ளே இருக்கும். கோழி விலை ஏறப்போகுதாம். அந்த லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) உடைக்கப்போறாங்களாம். அந்த நடிகர் செத்துட்டாராம். நான்காவது கட்டத்தில்தான் உங்கள் உழைப்பு வேண்டும். ‘லயத்தை உடைக்கப்போறாங்களாம்’ என்பதற்கு ஒரு சிறுமி “கடவுளைக் கேட்டால் தெரியும்” என்று எழுதியிருந்தாள். தோட்ட அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே போய்க் கேட்கலாம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. கேட்கலாம் என்று சொல்லிக்கொடுப்பதுதான் முதல் வேலை.

புதிதாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு தவறு செய்வதுண்டு, நானும் செய்தேன். ‘ஆம்’ என்றால் பொய் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும்படி பேசிவிட்டேன். மறுவாரம் ஒருவன் தன் பாட்டியையே மடக்கிவிட்டு வந்து நின்றான். உண்மையில் ‘ஆம்’ போட்டுப் பேசுபவர் நேர்மையானவர். “நான் பார்க்கவில்லை” என்று இரண்டே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிடுகிறார். ஆபத்து அதற்கு அப்புறம்தான். செய்தி கைமாறும்போது முதலில் உதிர்ந்துபோவது அந்த ‘ஆம்’தான். முதல் வாயில் ‘தூக்கிட்டுப் போயிருச்சாம்’, மூன்றாவது வாயில் ‘தூக்கிட்டுப் போயிருச்சு’.

இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, முதல் பிள்ளையின் காதில் ‘ஆம்’ போட்ட வாக்கியம் ஒன்றைச் சொல்லுங்கள். கடைசிப் பிள்ளை சத்தமாகச் சொல்லட்டும். பிறகு ஒவ்வொருவராகத் தான் சொன்னதைச் சொல்ல வேண்டும். எந்தக் காதில் ‘ஆம்’ விழுந்தது என்று கண்டுபிடிக்கும்போது மண்டபமே அதிரும்.

அது முடிந்ததும் நாளிதழை எடுங்கள். ‘என்று கூறப்படுகிறது’, ‘எனத் தெரிகிறது’, ‘என நம்பப்படுகிறது’ — எல்லாவற்றையும் வட்டமிடச் சொல்லுங்கள். அதே ‘ஆம்’தான், எழுத்துத் தமிழுக்கு ஏற்ற உடையில் வந்திருக்கிறது. கூறியது யார் என்று வாக்கியத்தில் இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. ‘மாவட்ட போலீஸ் தலைவர் தெரிவித்தார்’ பச்சை. ‘வட்டாரங்கள் தெரிவித்தன’ சிவப்பு. சிவப்பு விழுந்த செய்தி பொய்யாகத்தான் இருக்கும் என்றில்லை. யாரென்று சொல்ல முடியாத நிலைமை நிருபருக்கு இருந்திருக்கலாம். அதையும் பேசுங்கள்.

மூன்றாம், நான்காம் வாரம்: கட்டுரைத் தமிழை இறக்கி வைத்தல்

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்வியை அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். முக்கியமானது முதலில், மற்றவை பின்னால் என்ற வரிசையும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு அது எளிது.

கடினம் வேறு இடத்தில். தமிழ்ப்பள்ளியில் கட்டுரைக்கு மனனம் செய்த சொற்றொடர்கள் அவர்கள் கையில் ஊறிப்போயிருக்கும். ஒரு சிறுமி எழுதிவந்த முதல் செய்தி இது:

“எங்கள் தோட்டத்தில் அழகிய மாரியம்மன் கோவில் அமைந்துள்ளது. அங்குத் திருவிழா மிகச் சிறப்பாக நடைபெற்றது. பக்தர்கள் திரளாகக் கலந்து கொண்டனர். விழா இனிதே நிறைவுற்றது.”

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எந்தத் தோட்டத்துக்கும், எந்த ஆண்டுக்கும் இது பொருந்தும். “நீ அங்கே நின்னு பார்த்ததுல, போன வருஷம் இல்லாதது ஏதாவது இருந்துச்சா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். “தேரை டிராக்டர் வச்சு இழுத்தாங்க டீச்சர்.” ஏன்? “ஆள் இல்ல. எல்லாரும் வெளியூர்ல வேலை செய்யறாங்க.” யார் சொன்னது? “எங்க மாமா. அவர்தான் டிராக்டர் ஓட்டுனாரு.” திருத்தி எழுதியது:

“மாரியம்மன் கோவில் தேரை இந்த ஆண்டு டிராக்டர் கட்டி இழுத்தார்கள். வடம் பிடிக்க 14 பேர்தான் இருந்தார்கள். முன்பெல்லாம் நூறு பேருக்குக் குறையாமல் இருப்பார்கள் என்று டிராக்டர் ஓட்டிய மாமா சொன்னார்.”

அந்த 14 அவள் கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கித் தலைகளை எண்ணிப் போட்டது. நூறு என்பது மாமாவின் கணக்கு, ஆகவே மாமாவின் பெயரிலேயே நிற்கிறது. இதைச் சுவரில் ஒட்டியபோது கோவில் தலைவர் நின்று படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

‘மிக’, ‘திரளாக’, ‘சிறப்பாக’, ‘இனிதே’ என்ற நான்கு சொல்லையும் பத்து வாரத்துக்குத் தொடக் கூடாது என்று விதி வையுங்கள். தமிழாசிரியர் சிலர் வருத்தப்படலாம். கட்டுரைத் தேர்வில் பிள்ளைகள் தாராளமாக எழுதட்டும், இங்கே மட்டும் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம், ஆறாம் வாரம்: பேட்டி

முதல் பேட்டி ஒரு பாட்டியிடமோ தாத்தாவிடமோ இருக்கட்டும். பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்கள், இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், எப்போதும் இருக்கமாட்டார்கள்.

“உங்கள் வாழ்க்கை எப்படி இருந்தது?” என்று கேட்டால் “ரொம்பக் கஷ்டம்யா” என்பதோடு முடிந்துவிடும். கேள்வியைச் சின்னதாக்கச் சொல்லிக்கொடுங்கள். பெரட்டுக்கு (காலையில் பேர் பதியும் கூட்டத்துக்கு) எத்தனை மணிக்குப் போவீங்க? கையில என்ன எடுத்துட்டுப் போவீங்க? ஒரு நிரையில எத்தனை மரம்? மழை பெய்தா மங்குல (பால் வடியும் கிண்ணத்தில்) இருக்கிற பால் என்ன ஆகும்? அன்னிக்குச் சம்பளம் உண்டா? ஒரு பையன் “கத்தியை எப்படிப் பிடிப்பீங்க பாட்டி?” என்று கேட்டான். பாட்டி எழுந்து தூணைப் பிடித்துக்கொண்டு, உடம்பைச் சாய்த்து, பட்டையை எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும் என்று காற்றில் வெட்டிக் காட்டினார். அதற்கு அப்புறம் நாங்கள் கேட்க வேண்டியதே இல்லை. ஒரு மணி நேரம் அவரே பேசினார்.

வீட்டுக்குப் போகும் முறையும் பாடம்தான். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். கொடுக்கும் தேநீரைக் குடிக்க வேண்டும். கைப்பேசியை நீட்டும் முன் “பதிவு பண்ணலாமா பாட்டி?” என்று கேட்க வேண்டும். கிளம்பும் முன் பெயர், வயது, தோட்டத்தின் பெயர் மூன்றையும் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும்.

எங்கள் ஊருக்கு ஒரு வரலாற்றுச் சுமை உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தப் பாட்டி இதைப் பற்றியும் பேசினார். துரையைச் சுட்ட நாளைக் கண்முன் நிறுத்துவது போலச் சொன்னார். ஊரடங்கையும், அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்ததையும் சொன்னார். வகுப்புக்குத் திரும்பியதும் ஒரு சிறுமி நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “டீச்சர், 1948ல பாட்டிக்கு ரெண்டு வயசுதானே?”

பாட்டி பொய் சொல்லவில்லை. துரை கதை அவர் அப்பா சொல்லிக் கேட்டது. பல தடவை கேட்டுக் கேட்டு ‘ஆம்’ தேய்ந்துவிட்டது. ஊரடங்கும் அரிசியும் எட்டு, பத்து வயதில் அவரே அனுபவித்தது. ஒரே மனிதரின் பேச்சுக்குள் இரண்டும் கலந்திருக்கும். பிள்ளைகள் இரண்டு நிறப் பேனாவால் பிரித்து எழுதினார்கள். பார்த்தது நீலம், கேட்டது கறுப்பு. தேதியை நூலகப் புத்தகத்தில் பார்த்துச் சரிசெய்தார்கள். பாட்டி சொன்ன அரிசிக் கதை எந்தப் புத்தகத்திலும் அவர் சொன்ன மாதிரி இல்லை, அதை அப்படியே போட்டோம்.

ஏழாம், எட்டாம் வாரம்: புலனத்தில் வந்ததைச் சரிபார்த்தல்

வெள்ளை வேனுக்கு வருவோம். அந்தச் செய்தியை என் கைப்பேசிக்கு வரவழைத்து எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். வரிசை இதுதான்.

முதலில் நிற்க வேண்டும். படித்ததும் பயமோ கோபமோ வந்தால் அதுவே நிற்பதற்கான அறிகுறி.

அடுத்து, செய்தியின் மேலே இரட்டை அம்பு இருக்கிறதா? இருந்தால் அது ஐந்து கைக்கு மேல் மாறி வந்தது என்று பொருள். அப்படிப்பட்ட செய்தியை 2020 ஏப்ரலிலிருந்து ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடிகிறது. நிறுவனமே இதற்குத் தடுப்புப் போட்டிருக்கிறது என்பது பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பிறகு ஆறு கேள்வி. எங்கள் செய்தியில் தேதி இல்லை, பையனின் பெயர் இல்லை, வேன் எண் இல்லை. ‘இன்று காலை’ என்று இருந்தது. எந்த இன்று?

அதன் பிறகு அந்தச் செய்தியை விட்டு வெளியே வர வேண்டும். இது முக்கியம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரலாற்று அறிஞர்கள் 10 பேர், தகவல் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர் — மூன்று தரப்பிடமும் இணையப் பக்கங்களைக் கொடுத்து நம்பலாமா என்று கேட்டார்கள். அறிஞர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே மேலும் கீழும் படித்து, சின்னத்தையும் பெயரையும் பார்த்துப் பலமுறை ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் உடனே வேறு பக்கங்களைத் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். விரைவாகவும் சரியாகவும் முடித்தது அவர்கள்தான்.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. மூன்று மொழியில் தேடத் தெரியும். தமிழில் தேடு, மலாயில் தேடு, ஆங்கிலத்தில் தேடு. ஒரு பையனைக் கடத்தியது உண்மையானால் மலாய் நாளிதழில் ஒரு வரியாவது இருக்கும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய ‘செபெனார்ஞா’ தளத்திலும், தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் ‘மைசெக்’ பக்கத்திலும் பாருங்கள். படம் இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டு, அது முதலில் எப்போது, எங்கே வந்தது என்று தேடுங்கள். பயிற்சிக்கு 2021 டிசம்பர் கிள்ளான் பள்ளத்தாக்கு வெள்ளப் படம் ஒன்றைக் கொடுத்து, எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி வரும் இணைப்புகளுக்கு ஒரே விதி: அரசாங்கத் தளத்தின் முகவரியில், தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டு, அடுத்த சாய்கோட்டுக்கு முன்னால் ‘டாட் ஜிஓவி டாட் எம்ஒய்’ என்று முடிந்திருக்க வேண்டும். நடுவில் எங்கோ ‘ஜிஓவி’ இருந்தால் போதாது.

கடைசியாக, கைப்பேசியை விட்டு ஆளிடம் கேட்பது. காவல் நிலையத்துக்கு நானே அழைத்தேன். அப்படி ஒரு புகார் வரவில்லை என்றார்கள். இதற்குள் ஒரு சிறுமி, தன் சித்தி வீட்டுக் குழுவில் அதே வாசகம் வேறு ஊர்ப் பெயரோடு வந்திருப்பதைக் காட்டினாள். ஏட்டில் நாங்கள் போட்ட தலைப்பு: “வெள்ளை வேன்: நாங்கள் கேட்டவரை யாரும் பார்க்கவில்லை.” ‘பொய்’ என்று போட வேண்டும் என்று பையன்கள் அடம்பிடித்தார்கள். நமக்குத் தெரிந்த அளவுக்குத்தான் தலைப்பு என்று சொல்லி நிறுத்தினேன்.

அப்புறம் ஒரு நெருடலான விஷயம். பொய்ச் செய்தியை அனுப்பியது தாத்தாவாக இருந்தால்? குடும்பக் குழுவில் எல்லார் முன்னாலும் “இது பொய்” என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுதினால் அந்த வீட்டில் அன்று சாப்பாடு இறங்காது. தனியாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “தாத்தா, நீங்க அனுப்பினதைத் தேடிப் பார்த்தேன், இது மூணு வருஷத்துக்கு முந்தின படமாம், பாருங்க” என்று காட்டச் சொல்லுங்கள். இதை இருவர் இருவராக நடித்துப் பழகட்டும். நன்றாகச் செய்தால் தாத்தா அடுத்த செய்தியை அனுப்பும் முன் பேரனிடம் காட்டுவார். எங்கள் வகுப்பில் நான்கு வீட்டில் அப்படி நடந்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவால் செய்த குரலையும் படத்தையும் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். விரலை எண்ணிப் பார், கண்ணைப் பார் என்ற குறிப்புகளை நம்பாதீர்கள், அவை சீக்கிரம் பழசாகிவிடும். முதலில் வெளியிட்டது யார் என்ற கேள்வி பழசாகாது.

ஒன்பதாம் வாரம்: ஒரே செய்தி, மூன்று நாளிதழ்

ஒரே நாளில் மக்கள் ஓசை அல்லது மலேசிய நண்பன், ஒரு மலாய் நாளிதழ், ஓர் ஆங்கில நாளிதழ் வாங்குங்கள். மூன்றிலும் வந்த ஒரு செய்தியைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, யார் எதை முதலில் போட்டார்கள், எதை விட்டார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். வினைச்சொல்லையும் கவனிக்கட்டும். ‘கூறினார்’, ‘வலியுறுத்தினார்’, ‘சாடினார்’, ‘ஒப்புக்கொண்டார்’ — பேசியவர் ஒருவர்தான், வினை மாறினால் ஆள் மாறிவிடுகிறார். நம் ஏட்டில் ‘சொன்னார்’ மட்டும்.

இந்த நேரத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்வேன். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியில் நிற்கும்வரை நம் லயங்களுக்குள் வந்துகொண்டிருந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்கப் பலர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு, 1950களில் மாணவர் மணிமன்றம் என்று மாணவர்களுக்கே பக்கம் ஒதுக்கி எழுத வைத்தது. இதைக் கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பத்தாம் வாரம்: ஏடு

ஏ3 தாளை மடித்தால் நான்கு பக்கம். முதல் பக்கம் ஊர்ச் செய்தி, உள்ளே பேட்டியும் சரிபார்த்த செய்தியும், கடைசிப் பக்கத்தில் ஒரு படம், ஒரு கட்டம். கையால் எழுதி நகல் எடுத்தாலே அழகாக இருக்கும். எழுதியவரே தன் செய்தியைச் சரிபார்க்கக் கூடாது, பக்கத்துப் பிள்ளை ஒவ்வொரு பெயரையும் எண்ணையும் விரல் வைத்துக் கேட்க வேண்டும்: “இது யார் சொன்னது?”

அந்தக் கடைசிப் பக்கக் கட்டத்தின் பெயர் ‘திருத்தம்’. முதல் இதழிலிருந்தே அதற்கு இடம் விடுங்கள். எங்களுக்கு இரண்டாம் இதழிலேயே தேவைப்பட்டது. திங்கள் முதல் தோட்டத்துக்குப் பேருந்து வராது என்று ஒரு பையன் எழுதியிருந்தான். பேருந்தில் யாரோ பேசிக்கொண்டது. எழுதும்போது ‘வராதாம்’ ‘வராது’ ஆகிவிட்டது. நானும் கேட்காமல் விட்டேன். மூன்று குடும்பங்கள் பள்ளிக்கு வேன் பேசி முன்பணம் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை பேருந்து வழக்கம் போல வந்தது.

அவனும் நானும் அந்த மூன்று வீட்டுக்கும் நடந்து போனோம். இரண்டு வீட்டில் பரவாயில்லை என்றார்கள். மூன்றாவது வீட்டு அண்டி நன்றாகத் திட்டினார், நின்று கேட்டுக்கொண்டோம். அடுத்த இதழின் கட்டத்தில் அவன் கையெழுத்திலேயே வந்தது: “சென்ற இதழில் பேருந்து நிற்கும் என்று எழுதியது தவறு. நான் ஓட்டுநரைக் கேட்கவில்லை.” அதற்குக் கீழே பேருந்து நேரப் பட்டியல் முழுவதையும் போட்டிருந்தான், யாரைக் கேட்டான், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்ற விவரத்தோடு. அந்தப் பக்கத்தை ஒட்டுக்கடைக்காரர் வெட்டிக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறார்.